21-ஆம் வரியில் ஒளிந்திருக்கும் எழுத்து

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980-க்குப் பிறகு டிவியிலிருந்து பதிவு செய்யப்பட்ட விஎச்எஸ் கேசட்டுகள் பலவற்றில், படம், ஒலி இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் பதிவாகியிருக்கிறது. நிகழ்ச்சியில் பேசப்பட்ட வசனம் முழுவதும் எழுத்து வடிவில் அதே நாடாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. காது கேளாதவர்களுக்காகச் சேர்க்கப்பட்ட இதற்குக் குளோஸ்டு கேப்ஷன் என்று பெயர். வேண்டுமென்றால் டிவியில் ஒரு பொத்தானை அழுத்தித் திரையில் வரவழைக்கலாம், வேண்டாமென்றால் மறைத்துவிடலாம். நம் ஊர்த் திரையரங்குகளில் வேற்றுமொழிப் படத்தின் அடியில் ஓடும் சப்டைட்டில் படத்தோடு ஒட்டிப்போனது. படத்தை நகலெடுத்தால் அதுவும் கூடவே வரும். கேப்ஷன் அப்படி வராது. பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது படம் வந்துவிடுகிறது, ஒலியும் வந்துவிடுகிறது, எழுத்து மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்தது பலருக்குத் தெரிவதுகூட இல்லை.

எங்கே உதிர்கிறது என்று தெரிய வேண்டுமானால், எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். வட அமெரிக்காவின் பழைய அனலாக் டிவி முறையான என்டிஎஸ்சியில் ஒரு முழுப்படம் 525 கிடைக்கோடுகளால் ஆனது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தொகுதியாகவும் இரட்டைப்படைக் கோடுகள் இன்னொரு தொகுதியாகவும் மாறி மாறி வரும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஃபீல்டு என்று பெயர். வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்டுகள், அதாவது 30 முழுப்படங்கள். குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை திரையின் அடிவரை வரைந்து முடித்ததும் மறுபடி உச்சிக்குப் போக வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கென ஒவ்வொரு ஃபீல்டின் தொடக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்ட கோடுகள் படமே இல்லாமல் காலியாக விடப்பட்டன. இந்தக் காலி இடத்துக்கு விபிஐ என்று சுருக்கப் பெயர். அதன் கடைசியில், படம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருப்பதுதான் 21-ஆவது கோடு. அமெரிக்காவின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 1976-இல் அந்தக் கோட்டைக் கேப்ஷனுக்கென்றே ஒதுக்கிவைத்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் நிலையம் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எழுத்துடன் ஒளிபரப்பியிருந்தது. ஆனால் அது எல்லோர் திரையிலும் தெரிந்த திறந்த எழுத்து. மறைத்துவைத்த எழுத்து முறையாக வீடுகளுக்கு வரத் தொடங்கியது 1980 மார்ச் 16 அன்று. அதைப் படிக்க டிவியோடு தனியாக ஒரு டிகோடர் பெட்டி இணைக்க வேண்டியிருந்தது. சியர்ஸ் கடைகளில் விற்ற அந்தப் பெட்டியின் விலை 250 டாலர் அளவுக்கு இருந்தது. காது கேட்பவர்கள் வாங்குவார்களா? வாங்கவில்லை. பிறகு 1990-இல் வந்த சட்டம் நிலைமையை மாற்றியது. 1993 ஜூலை முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு டிவிக்குள்ளும் டிகோடர் இருந்தே தீர வேண்டும் என்று அது சொன்னது. எனவே 1990-களில் பதிவான கேசட்டுகளில் கேப்ஷன் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். வீட்டில் பதிவு செய்தவர் அதை ஒருநாளும் பார்த்திராவிட்டாலும், விசிஆர் தானாகவே அதையும் சேர்த்துப் பதிந்திருக்கும்.

அந்தக் கோட்டில் இருப்பது எழுத்தின் படம் இல்லை. எழுத்தைக் குறிக்கும் எண். ஒவ்வொரு ஃபீல்டிலும் 21-ஆம் கோட்டில் இரண்டே இரண்டு பைட்டுகள். முதலில் ஏழு சிறு அலைகள் வரும். டிகோடர் தன் கடிகாரத்தை அவற்றோடு ஒத்துப்போகச் செய்துகொள்ளும். அடுத்து ஒரு தொடக்கக் குறி. அதன்பின் வெள்ளையும் கறுப்புமாக 16 பிட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஏழு பிட் போதும். எட்டாவது பிட் பிழை காட்டுவதற்கு. ஒவ்வொரு பைட்டிலும் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கில அகரவரிசையின் முதல் பெரிய எழுத்தை எடுத்துக்கொண்டால் அதன் ஏழு பிட்டுகள் 1000001. இதில் 1 இரண்டு முறைதான் வருகிறது. எனவே எட்டாவது பிட்டும் 1 ஆகி மொத்தம் மூன்றாகிவிடும். நாடாவில் கீறல் விழுந்து ஒரு பிட் புரண்டுவிட்டால் எண்ணிக்கை இரட்டைப்படையாகி, டிகோடருக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போது அந்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். தேய்ந்த கேசட்டுகளில் கேப்ஷன் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டங்கள் பழக்கமானவை.

முதல் ஃபீல்டின் 21-ஆம் கோட்டில் வினாடிக்கு ஏறக்குறைய 60 எழுத்துகள் போகும். முதன்மையான கேப்ஷன் போவது இதில்தான்; டிவியின் மெனுவில் இதற்கு சிசி1 என்று பெயர். இரண்டாவது ஃபீல்டில் இன்னொரு மொழிக் கேப்ஷனும், நிகழ்ச்சியின் பெயர், வயது வரம்பு போன்ற தகவல்களும் வரலாம். திரையில் 15 வரிகள், வரிக்கு 32 எழுத்துகள் என்பது இதன் எல்லை. ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறிகளுக்கும், பாட்டு ஒலிப்பதைக் காட்டும் இசைக்குறிக்கும் இடம் உண்டு. தமிழ் எழுத்துக்கு இந்த அட்டவணையில் இடமில்லை.

பழைய குழாய் டிவியில் படம் மேலும் கீழுமாக உருளும்போது, நடுவே வரும் கறுப்புப் பட்டையில் சிறு வெள்ளைக் கோடுகள் துள்ளுவதைக் கவனித்தவர்கள் உண்டு. இடப்பக்கம் அசையாமல் நிற்கும் கோடுகள் அந்த ஏழு அலைகள். வலப்பக்கம் இடைவிடாமல் மின்னுபவைதான் எழுத்து. வசனம் இல்லாத நேரத்தில் அவையும் அடங்கிவிடும். கேப்ஷனைப் பாதுகாப்பதில் இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கணினியில் பதிவான வீடியோவின் உச்சியில் இதே கோடுகள் தெரிந்தால் எழுத்து தப்பிவிட்டது என்று அர்த்தம்.

விஎச்எஸ் நாடா மங்கலான படத்துக்குப் பேர்போனது. வெளிச்ச விவரத்தில் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அதில் நிற்கும். ஆனாலும் கேப்ஷன் அதில் பத்திரமாக இருக்கிறது. காரணம், கேப்ஷன் வேண்டுமென்றே மெதுவாக அனுப்பப்படுகிறது. அதன் வேகம் வினாடிக்கு அரை மெகாபிட் அளவுதான். ஆறு மணி நேரம் பிடிக்கும் மெதுவான வேகத்தில் பதிந்த கேசட்டிலும், ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்த பிரதியிலும் எழுத்து பெரும்பாலும் படிக்கும் நிலையில் இருக்கும். ஐரோப்பாவின் கதை வேறு. பிரிட்டனில் 1974-இல் தொடங்கிய சீஃபேக்ஸ் போன்ற டெலிடெக்ஸ்ட் சேவைகளில் சப்டைட்டில் 888 என்ற பக்கத்தில் வந்தது. அந்தத் தரவு வினாடிக்கு 6.9375 மெகாபிட் வேகத்தில் பாய்ந்தது. அதை விஎச்எஸ் நாடாவால் முழுதாகப் பிடித்துவைக்க முடியாது. பதிந்த கேசட்டைப் போட்டு 888-ஐ அழுத்தினால் குழம்பிய எழுத்துகள்தான் வரும். இன்று அந்தச் சிதைவுகளைக் கணினியில் மணிக்கணக்காக அலசி, மங்கிய அலையின் வடிவத்திலிருந்து மூல எழுத்தை ஊகித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. வட அமெரிக்கக் கேசட்டுக்கு அவ்வளவு பாடுபடத் தேவையில்லை. நாடா தன் பங்கைச் செய்துவிட்டது. அடுத்த கருவிகள்தான் காலைவாரும்.

முதல் சந்தேகத்துக்குரியது விசிஆருக்கும் கணினிக்கும் நடுவே வைக்கும் பெட்டி. பழைய கேசட்டின் படம் ஆடும், நெளியும். அதை நேராக்க டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை வைப்பது வழக்கம். இவற்றில் சில, உள்ளே வரும் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காலிக் கோடுகளைத் தாமாகப் புதிதாக உருவாக்கிவிடும். படம் அழகாக நிற்கும். 21-ஆம் கோடு துடைத்துவைத்த பலகைபோல் வெறுமையாக இருக்கும். கடையில் வாங்கிய சினிமா கேசட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்கும் மேக்ரோவிஷன் துடிப்புகளும் இதே காலிப் பகுதியில்தான் இருந்தன. அவற்றை நீக்குவதற்கென விற்ற சில பெட்டிகள் அந்தப் பகுதி முழுவதையும் மூடிவிடுகின்றன. எலியோடு வீட்டையும் கொளுத்திய கதை இது. அனலாக் சிக்னலை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் மலிவான கன்வர்ட்டர்களும் இதே வேலையைச் செய்கின்றன. எச்டிஎம்ஐ கம்பியில் 21-ஆம் கோடு என்ற ஒன்றே கிடையாது.

இரண்டாவது, கணினியில் பதிவு செய்யும் கருவி. யுஎஸ்பியில் செருகும் சிறு கருவிகளும், டிஜிட்டல் வீடியோ (DV) முறையில் பதிவு செய்யும் கருவிகளும் 720-க்கு 480 என்ற அளவில் படம் எடுக்கின்றன. 525 கோடுகளில் 480 மட்டும் எடுத்தால் மீதி 45 கோடுகள் வெளியே நிற்கும். அந்த 480-இன் எண்ணிக்கை 21-ஆம் கோட்டுக்குக் கீழேதான் தொடங்குகிறது. ஓரிரு கோடு வித்தியாசத்தில் எழுத்து முழுவதும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. டிஜிட்டல் வீடியோ (DV) முறையின் தரவுக்குள் கேப்ஷனை வைக்கத் தனி இடம் வகுக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் சந்தைக்கு வந்த கருவிகளில் அந்த இடத்தை நிரப்பியவை குறைவு, அதை வாசித்த எடிட்டிங் மென்பொருள்கள் அதைவிடக் குறைவு.

ஆகவே எழுத்தைக் காப்பாற்ற மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, பதிவு செய்யும் கருவியே 21-ஆம் கோட்டைப் படித்து, வந்த பைட்டுகளைத் தனியே எழுதிவைப்பது. எம்பெக்-2 முறையில் பதிவு செய்த சில டிவி கார்டுகளும், அமெரிக்கச் சந்தையில் விற்ற டிவிடி ரெக்கார்டர்கள் சிலவும் இப்படிச் செய்தன. எம்பெக்-2 வீடியோ ஓட்டத்துக்குள் பயனர் தரவு என்ற ஒரு பை உண்டு. கேப்ஷன் பைட்டுகள் அதில் ஏறிவிடும். வட அமெரிக்க டிவிடிகளில் கேப்ஷன் இருப்பதும் இதே பையில்தான். டிவிடி மெனுவில் தேர்ந்தெடுக்கும் சப்டைட்டில் அதிலிருந்து முற்றிலும் வேறானது. கையில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்று இருந்தால், படத்தின் தரம் கொஞ்சம் குறைந்தாலும் எழுத்துக்காகவே அதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வீண்போகாது.

இரண்டாவது வழி, படத்தின் எல்லையை விரித்து, 21-ஆம் கோட்டையும் ஒரு படக்கோடாகவே பதிவு செய்வது. தொழில்முறைக் கருவிகள் 480-க்குப் பதிலாக 486 கோடுகளையும், ஒளிபரப்பு நிலையங்களில் புழங்கிய ஐஎம்எக்ஸ் முறை 512 கோடுகளையும் எடுக்கும். 512-இல் மேலே உள்ள 32 கோடுகளும் காலிப் பகுதிக்கென்றே வைத்தவை. இப்படி எடுத்த கோப்பில் உச்சியில் அந்தத் துள்ளும் கோடுகள் கண்ணுக்கே தெரியும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள ஒரு வடிகட்டி, கோப்பின் மேல்கோடுகளைத் துழாவி அந்த ஏழு அலைகளைத் தேடிப் பிடித்து, அடுத்து வரும் பிட்டுகளை எழுத்தாக்கித் தந்துவிடும். ஒரு நிபந்தனை: கோப்பு இழப்பில்லாத முறையிலோ மிகக் குறைந்த சுருக்கத்திலோ இருக்க வேண்டும். இணையத்துக்கு ஏற்றும் அளவுக்குச் சுருக்கினால், கண்ணுக்கு முக்கியமில்லாத விவரம் என்று கருதி இந்தக் கோட்டின் வெள்ளை கறுப்பு விளிம்புகளைச் சுருக்கும் மென்பொருள் மழுக்கிவிடும்.

மூன்றாவது வழி புதியது, பொறுமை வேண்டுவது. விசிஆரின் தலையிலிருந்து வரும் மூல ரேடியோ அலையை, விசிஆர் அதைப் படமாக்குவதற்கு முன்பே ஒரு கம்பி வழியாக வெளியே எடுத்து அப்படியே கணினியில் சேமிப்பது. படமாக்கும் வேலையை விஎச்எஸ்-டிகோட் என்ற மென்பொருள் பின்னர் செய்யும். இதில் 525 கோடுகளும் கிடைக்கும். எதை வெட்டுவது என்று எந்தக் கருவியும் முன்கூட்டியே முடிவு செய்திருக்காது. கேப்ஷனைத் தனியே பிரித்தெடுக்கவும் வழியிருக்கிறது. விசிஆரைத் திறந்து கம்பி பற்றவைக்க வேண்டும், ஒரு மணி நேரக் கேசட்டே வட்டில் பெரும் இடம் பிடிக்கும், கணினி பல மணி நேரம் ஓட வேண்டும். வீட்டில் நான்கைந்து கேசட்டு வைத்திருப்பவருக்கு இது அதிகப்படி. மறுபதிப்பே கிடைக்காத ஆவணம் வைத்திருக்கும் காப்பகத்துக்கு இதுதான் சரி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கேப்ஷன் படிக்கத் தெரிந்த பழைய அமெரிக்க டிவி ஒன்றில், மஞ்சள் முனைக் கம்பி வழியாக விசிஆரை நேராக இணைத்து, சிசி1-ஐப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுத்து வந்தால் நாடாவில் இருக்கிறது. பிறகு இடையில் வைக்கும் ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பெட்டி எழுத்தை விழுங்குகிறது என்று தெரிந்துவிடும். கேமராவில் எடுத்த கல்யாண வீடியோவிலும் பிறந்தநாள் வீடியோவிலும் கேப்ஷன் இருக்காது; அவற்றில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ இருந்த தமிழ்க் குடும்பம் அங்கே டிவியிலிருந்து பதிந்த செய்தி, தொடர், குழந்தைகள் நிகழ்ச்சி ஆகியவற்றில் இருக்கலாம். அத்தகைய கேசட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்து கணினிக்கு மாற்றக் கொடுத்தால், கடைக்காரர் அதை இங்குள்ள 625 கோட்டு பால் முறைக்கு மாற்றித் தருகிறாரா என்று கேட்டுக்கொள்வது அவசியம். முறை மாற்றும் கருவி ஒவ்வொரு படத்தையும் புதிதாகக் கட்டுகிறது. பழைய 21-ஆம் கோட்டைச் சுமந்து போவது அதன் வேலையில் சேராது.

எழுத்து கணினிக்குள் வந்துவிட்ட பிறகு எடிட்டிங்கில் இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. 21-ஆம் கோடு படத்தின் பகுதியாகவே கோப்பில் இருந்தால், படத்துக்குச் செய்யும் எதுவும் அதையும் தாக்கும். அளவைச் சற்றே மாற்றினால் கோடு பக்கத்துக் கோட்டோடு கலந்துவிடும். இரண்டு ஃபீல்டுகளை ஒன்றாக்கும் டீஇன்டர்லேஸ் செய்தால் முதல் ஃபீல்டின் பைட்டும் இரண்டாவதின் பைட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒரு காட்சி மங்கி இன்னொரு காட்சி எழும் டிசால்வ் போட்டால், அந்த ஒரு வினாடிக்கு இரண்டு வசனங்களின் பிட்டுகள் கலந்து எதுவுமே படிக்க முடியாமல் போகும். பயனர் தரவுப் பையில் இருந்தாலும் நிம்மதி இல்லை. மறுபடி என்கோடு செய்யும் மென்பொருள் அந்தப் பையைக் கண்டுகொள்ளாமல் போட்டுவிட்டுப் போகலாம்.

வெறுமனே வெட்டி ஒட்டினாலும் சிக்கல்தான். கேப்ஷன் திரைக்கு வரும் விதம் அப்படி. சினிமா, தொடர் போன்றவற்றில் முழு வசனமும் ஒரே நேரத்தில் திரையில் தோன்றும். அதற்காக டிகோடரில் இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்று திரையில் தெரிவது, மற்றது மறைவில் நிரம்புவது. முதலில், மறைவில் நிரப்பத் தொடங்கு என்று ஒரு கட்டளை வரும். பதினாறடிமான எண்முறையில் அந்தக் கட்டளையின் குறி 9420. பிறகு எழுத்துகள் இரண்டிரண்டாக வந்து சேரும். கடைசியில் மாற்றிக் காட்டு என்ற கட்டளை வந்ததும் இரண்டு நினைவகங்களும் இடம்மாறி வசனம் திரையில் எழும். இரண்டு வரி நிறைய 64 எழுத்துகள் வர வேண்டுமானால், வினாடிக்கு 60 என்ற வேகத்தில் ஒரு வினாடிக்கு மேல் ஆகும். அதாவது நடிகர் வாயைத் திறப்பதற்கு ஒரு வினாடி முன்பிருந்தே அவருடைய வசனம் நாடாவில் வரத் தொடங்கியிருக்கும். காட்சி தொடங்கும் இடத்தில் கச்சிதமாக வெட்டும் எடிட்டர், அந்த வசனத்தின் முன்பாதியை முந்தைய காட்சியோடு சேர்த்து வெட்டிப்போட்டிருப்பார். முடிவிலும் இப்படித்தான்: திரையை அழிக்கச் சொல்லும் கட்டளை வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டால், பழைய வசனம் அடுத்த காட்சியின் மேல் பிடிவாதமாக நிற்கும். கட்டளைகள் ஒவ்வொன்றும் இரண்டு முறை அனுப்பப்படுகின்றன. அந்தப் பாதுகாப்பு நாடாவின் கீறலுக்காக ஏற்பட்டது. கத்தரிக்கு எதிராக அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நேரலைச் செய்திகளில் தலைகீழ். அங்கே சுருக்கெழுத்துப் பொறியில் ஒருவர் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வார். 1982-இல் ஆஸ்கர் விழாவுக்கு இப்படி உடனுக்குடன் கேப்ஷன் தரப்பட்டது. வரிகள் அடியிலிருந்து மேலே உருண்டு ஏறும். பேச்சுக்குச் சில வினாடிகள் பின்தங்கியே வரும். ஒரு செய்தி முடிந்த இடத்தில் வெட்டினால், அந்தச் செய்தியின் கடைசி வாக்கியம் அடுத்த செய்தியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் ஒரே பரிகாரம், கத்தரியை எடுப்பதற்கு முன்பே எழுத்தைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிடுவது. சிசிஎக்ஸ்ட்ராக்டர் என்ற இலவச மென்பொருள் எம்பெக் கோப்புகளிலிருந்தும் டிவிடியிலிருந்தும் இதைச் செய்யும். பிரித்த எழுத்தை எஸ்சிசி, எஸ்ஆர்டி என்ற இரண்டு வகைக் கோப்புகளாக வைத்துக்கொள்வது நல்லது. எஸ்சிசி கோப்பில் நாடாவில் வந்த பைட்டுகள் அப்படியே, எண்களாக, நேரக்குறியோடு வரிசையாக நிற்கும். திறந்து பார்த்தால் மனிதர் படிக்கும்படி இருக்காது. ஆனால் எந்த வரியில் எந்த இடத்தில் வசனம் நின்றது, எது சாய்வெழுத்து, எப்போது அழிந்தது என்பது எல்லாம் அதில் பதிந்திருக்கும். எஸ்ஆர்டியில் வெறும் வசனமும் நேரமும்தான். இரண்டு பேர் பேசும் காட்சியில் இடப்பக்கத்தவரின் வசனம் இடப்பக்கமும் மற்றவருடையது வலப்பக்கமும் போடப்பட்டிருந்தால், எஸ்ஆர்டிக்கு மாற்றும்போது யார் பேசினார் என்ற குறிப்பு போய்விடலாம். எஸ்ஆர்டி பார்க்க வசதி. மூலப் பிரதியாக வைக்க வேண்டியது எஸ்சிசி.

எடிட்டிங் மென்பொருளில் வீடியோ ஒரு தடத்திலும் இந்த எழுத்துக்கோப்பு இன்னொரு தடத்திலும் உட்காரும். வெட்டும்போது இரண்டையும் சேர்த்து வெட்டி, அரைகுறையாக நிற்கும் வசனங்களைக் கையால் சரிசெய்துகொள்ளலாம். இங்கே நேரக்குறியில் ஒரு பொறி இருக்கிறது. வட அமெரிக்க வீடியோ வினாடிக்குச் சரியாக 30 படங்கள் ஓடுவதில்லை, 29.97 ஓடுகிறது. கடிகாரத்தோடு ஒத்துப்போவதற்காகச் சில படங்களின் எண்களைத் தாண்டி எண்ணும் முறை ஒன்றும், தாண்டாமல் எண்ணும் முறை ஒன்றும் உண்டு. எஸ்சிசி கோப்பில் நேரத்தின் கடைசியில் வரும் அரைப்புள்ளி முதல் முறையையும், முக்காற்புள்ளி இரண்டாவதையும் காட்டும். ஒன்றை மற்றதென்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 108 படங்கள், அதாவது 3.6 வினாடி விலகும். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்து, படத்தின் கடைசியில் வசனம் ஏழு வினாடி தள்ளி வருவதாகப் புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சிறு புள்ளியைத்தான். படத்துக்கு ஒருமுறை, எழுத்துக்கு ஒருமுறை என்று கேசட்டைத் தனித்தனியாக ஓட்டிப் பதிந்தாலும் விலகல் வரும். பழைய நாடா ஓடும்போது கணினி அங்கங்கே ஒரு படத்தை விட்டுவிடும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் விடாது. படம் எந்த ஓட்டத்தில் வந்ததோ அதே ஓட்டத்திலிருந்து எழுத்தையும் எடுப்பதே தலைவலி இல்லாத வழி.

பேச்சைக் கேட்டுத் தானாக எழுதும் மென்பொருள்கள் இன்று கைப்பேசியிலேயே இருக்கும்போது இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் மூலக் கேப்ஷனை எழுதியவர் ஒரு மனிதர். கதவு அறையும் சத்தம், திரைக்கு வெளியிலிருந்து வரும் குரல், பின்னணியில் ஒலிக்கும் பாட்டு என்று காது கேளாதவருக்குத் தேவையானதைத் தேர்ந்து அவர் எழுதியிருக்கிறார். பெயர்களின் எழுத்துக்கூட்டலைத் தயாரிப்பாளரிடம் சரிபார்த்திருக்கலாம். நேரலையில் அவசரத்தில் செய்த பிழைகளும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் காது கேளாத பார்வையாளர் உண்மையில் எதைப் படித்தார் என்பதற்குச் சாட்சி அந்த எழுத்து மட்டுமே. இயந்திரம் இன்று எழுதித் தருவது வேறொரு பிரதி.

தேடுவதற்கும் அது பயன்படுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நெட் ஆர்கைவ் 2012-இல் டிவிச் செய்திகளுக்கென ஒரு தேடல் சேவை தொடங்கியது. அது தேடுவது கேப்ஷன் எழுத்தில்தான். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மரியன் ஸ்டோக்ஸ் என்ற நூலகர் 1970-களிலிருந்து 2012-இல் இறக்கும் வரை டிவிச் செய்திகளை இரவுபகலாகப் பதிவு செய்து பல பத்தாயிரம் கேசட்டுகள் சேர்த்துவைத்தார். அவையும் அதே ஆர்கைவிடம்தான் போய்ச் சேர்ந்தன. அவ்வளவு கேசட்டுகளை ஒருவர் உட்கார்ந்து பார்த்து முடிக்க ஒரு பிறவி போதாது. நாடாவோடு எழுத்தும் வந்தால், ஒரு பெயரைத் தட்டி அந்த நிமிடத்துக்கே போய்விடலாம்.

வேலை முடிந்து வெளியே கொடுக்கும்போது எழுத்தை மறுபடி வீடியோவோடு இணைக்கப் பல வழிகள் உண்டு. டிவிடி தயாரிக்கும் தொழில்முறை மென்பொருள்கள் எஸ்சிசி கோப்பை நேரடியாக ஏற்றுக்கொள்ளும், யூடியூபும் ஏற்கும். எச்.264 வீடியோவில் பழைய பயனர் தரவுப் பைக்கு இணையான இடம் ஒன்று இருக்கிறது, அதிலும் ஏற்றலாம். 2009 ஜூனில் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்துவதற்கு முன்பே வந்துவிட்ட டிஜிட்டல் கேப்ஷன் முறையான 708-இலும், பழைய 21-ஆம் கோட்டின் பைட்டுகளைச் சுமந்து செல்ல ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. எனவே 1985-இல் நாடாவில் பதிந்த அதே இரண்டு பைட்டுகள் மாறாமல் இன்றைய ஒளிபரப்பு வரை வர முடியும்.

பத்திரப்படுத்தும்போது மூன்று கோப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைப்பது வழக்கம்: எடிட் செய்யாத, 21-ஆம் கோடு தெரியும் முழுப் பதிவு; அதிலிருந்து எடுத்த எஸ்சிசி; மேல்கோடுகளை வெட்டி அழகுபடுத்திய பார்வைப் பிரதி. வட்டில் இடம் போதவில்லை என்று முதலாவதை அழிக்கத் தோன்றினால், எஸ்சிசியில் எத்தனை வெள்ளைக் கட்டங்கள் விழுந்திருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டங்கள் அதிகமாக இருந்தால் கேசட்டை மறுபடி இரண்டு மூன்று முறை ஓட்டி எழுத்தை எடுத்து ஒப்பிடலாம். இரைச்சலால் வரும் பிழை ஒவ்வொரு ஓட்டத்திலும் இடம் மாறும் என்பதால், ஒன்றில் விடுபட்ட எழுத்து இன்னொன்றில் கிடைத்துவிடும். எல்லா ஓட்டத்திலும் ஒரே இடத்தில் கட்டம் விழுந்தால் அங்கே நாடாவின் காந்தப் பூச்சே உதிர்ந்திருக்கலாம். அந்த வசனத்தை மட்டும் ஒலியைக் கேட்டுக் கையால் நிரப்பி, நிரப்பியது என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.